பிடிக்காமல்

தொண்ணூற்று நான்காம் எண்காரனே,
உன் பெயர் எனக்குத் தெரியும். ஃபாலானிகோ.
ஐந்து இரவு உன்னை மட்டுமே பார்த்தேன்,
அயோவாவில், ஜன்னல் இல்லாத ஓர் அறையில்,
திரையை முன்னும் பின்னும் ஓட்டி ஓட்டி.
பாய்வதற்குச் சற்று முன்
உன் இடது குதிகால் ஓர் அங்குலம் எழும்.
பெற்றவளுக்குக்கூட அது தெரிந்திருக்காது.

என்னை இந்தக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவை என் கைகள்.
சோளம் அறுத்து முடித்த வெள்ளிக்கிழமைகளில்
காற்று பந்தை எந்தப் பக்கம் தள்ளினாலும் பிடித்தேன்.
'வீன்ஸ்ட்ரா பையன் கையில் பசை'
என்று எங்கள் ஊர்ப் பத்திரிகை எழுதியது.
அம்மா வெட்டிக் குளிர்பெட்டியில் ஒட்டினாள்.

முதல் நாளே பயிற்சியாளர் ஹோல்கம்ப்
என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
'நல்ல கை.
இனி இது கை இல்லை, முட்டு.'

டைட் எண்ட் என்றால் வரிசையின் கடைசி ஆள்.
உள்ளே நிற்கும் ஐந்து பேருக்கு நான் ஒல்லி,
வெளியே ஓடும் ரிசீவர்களுக்குத் தடியன்.
இரவு பத்து மணிக்கு ஆறு முட்டை.
இரண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுந்து
கடலை வெண்ணெய் அப்பிய ரொட்டி,
பல் துலக்காமல் மறுபடி தூக்கம்.
அப்படியும் இருநூற்று நாற்பத்தொன்றுதான்.
நீ இருநூற்று எழுபத்தெட்டு.
அந்த முப்பத்தேழு பவுண்டை
இடுப்பைத் தாழ்த்தி ஈடுகட்டு என்கிறார் ஹோல்கம்ப்.

முதல் அடி ஆறு அங்குலம்,
ஏழானால் நீ ஒற்றைக் காலில் நிற்பாய் என்கிறார்.
முழங்கை விலாவோடு.
கட்டைவிரல் வானம் பார்க்க.
அப்புறம், பிடிக்காதே.

பிடி பிடி என்று வளர்த்த கை இது.
இப்போது பிடித்தால் பத்து கெஜம் தண்டம்.
பிடிக்காமல் உன்னை நிறுத்துவது
புயலில் ஒரு கதவைத்
தாழ்ப்பாள் இல்லாமல் சாத்திவைப்பது.

முதல் கால்பகுதியில் என்மேல் ஏறிப் போனாய்.
இரண்டாவதில் அக்குளுக்கு அடியில் நுழைந்தாய்.
எங்கள் குவார்ட்டர்பேக் டன்லப்
ஹெல்மெட் கம்பியில் சிக்கிய புல்லை
ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே எழுந்தான்.
என் பக்கம் திரும்பவில்லை.
திட்டியிருக்கலாம்.

கடைசிக் கால்பகுதி. நான்காவது டௌன். ஒரு கெஜம்.
ஆட்டம் என் பக்கம் என்று சொல்லிவிட்டார்கள்.
பந்து அல்ல, ஆட்டம்.
ஆஸ்ட்ராண்டர் பந்தைச் சுமந்து என் முதுகுக்குப் பின்னால் வருவான்,
நீ இல்லாத ஓர் இடத்தை நான் உண்டாக்க வேண்டும்.

குதிகால் எழுந்தது.

உன் மூச்சில் ஆரஞ்சு வாசனை.
மூன்று விநாடி இருக்கும்.
இவ்வளவு கிட்டத்தில் இவ்வளவு நேரம்
நான் யார் முகத்தையும் பார்த்ததில்லை.
பிறகு நீ உள்பக்கம் திரும்பினாய், நழுவினாய்,
கிட்டத்தட்ட போய்விட்டாய்.
பிறகு விழுந்தோம்.

மண்ணில் முகம் புதைந்தவனுக்கு
எந்தப் பக்கத்துக் கூட்டம் கத்துகிறது என்பதுதான் செய்தி.
எங்கள் பக்கம் கத்தியது.

நீ எழுந்து
சட்டையின் தோள்பக்கத்தை ஒருமுறை நீவிவிட்டாய்.
நடுவரைப் பார்த்தாய்.
அவர் வேறெங்கோ பார்த்தபடி
இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கை அணைத்தார்கள்.
அந்த இடத்தில் ஹோல்கம்ப் படத்தை நிறுத்தினார்.
என் வலது கையின் இரண்டு விரல்
உன் தோள்கவசத்தின் விளிம்புக்குள்.
எட்டு வயதிலிருந்து பழகிய மென்மையோடு,
கைவிட்டுப் போகவிருந்த பந்தை
உள்ளே இழுத்துக்கொள்வதைப்போல.
யாரும் இருமவில்லை.
தாளில் ஒரு கூட்டல் குறி போட்டார்,
பக்கத்தில் ஏதோ எழுதினார், அடித்தார்,
படத்தை ஓடவிட்டார்.

இரவு அம்மா அழைத்தாள்.
'டிவியில் உன்னையே தேடிக்கொண்டிருந்தேன்,
பந்து உன் பக்கம் வரவே இல்லையே.'

'ஆமாம் அம்மா,' என்றேன்,
'இன்று நான் எதையும் பிடிக்கவில்லை.'